கட்டிங் போட்ட பிறகு அளவை மாற்றினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் கவசம், பை, பூட்ஸ் இதையெல்லாம் பூட்டிக்கொள்ளும் முறையை அடுத்த சீசனிலிருந்து மாற்றப் போகிறார்கள், அதற்காக ஆடுகிறவர்கள் கொதிக்கிறார்கள் என்ற விஷயம். இல்லாத துணிக்காக வேலைவெட்டி இல்லாத பையன்கள் கூச்சல் போடுகிறார்கள் என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். டீக்கடையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பாருங்க, எதுக்கெல்லாம் அழுவறானுங்க" என்றார். நானும் சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அழுகிறவர்களில் நானும் ஒருத்தன் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 39. திருப்பூரில் 19 வருடமாகப் பனியன் கம்பெனிகளில் சாம்பிள் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து, காங்கேயம் ரோட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போனோடு உட்காருவேன். பதினொன்றரைக்கு மேல் ஆட மாட்டேன், காலையில் கண் எரிந்தால் ஊசியில் நூல் கோக்க முடியாது. என்னோடு மூன்று பேர். பெருந்துறையில் என் மச்சான். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் அண்ணன், வயது 52. பொள்ளாச்சியில் தென்னை நார் மில்லில் கணக்கு எழுதும் ஒரு தம்பி. நாமக்கல் அண்ணனை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு முட்டை விலை ஏறியதா இறங்கியதா என்பது அவர் முதல் "வந்துட்டனுங்க"விலேயே தெரிந்துவிடும்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லி எழுதும்போது பெயர் எதற்கு.

கட்டுரை எழுதியவர் கியர், அதாவது ஆட்டத்தில் உடம்பில் மாட்டிக்கொள்ளும் சாமான், என்றால் அலங்காரம் என்று நினைத்துவிட்டார். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. கியர் இரண்டு வகை. ஒன்று ஸ்கின், அதாவது மேலே பூசும் நிறம், படம். சட்டைக்குப் பிரிண்ட் அடிப்பது மாதிரி. அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் குண்டு பட்டால் ஒரே வலிதான். இன்னொன்று வேலை செய்கிற பொருள். எங்கள் விளையாட்டில் தலைக்கவசம், மார்புக் கவசம், கைப்பை, கையுறை, பூட்ஸ் என்று ஐந்து இடம், ஒவ்வொன்றுக்குள்ளும் மாற்றிப் பொருத்தும் பாகங்கள். கவசத்தைத் தடிமனாக்கினால் ஓட்டம் குறையும். பூட்ஸுக்கு மெத்தென்ற அடி போட்டால் காலடிச் சத்தம் கேட்காது, ஆனால் உயரத்திலிருந்து குதித்தால் உயிர் அதிகமாகக் குறையும். பெரிய மருந்துப்பை மாட்டினால் வெடிகுண்டுக்கு இடம் இருக்காது. ஒன்று கொடுத்துத்தான் ஒன்று வாங்க வேண்டும். துணியில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) கூட்டினால் பீஸ் கனக்கிற கணக்குதான்.

எங்கள் ஸ்க்வாடில், அதாவது நாலு பேர் அணியில், அடிபட்டு விழுந்தவர்களை எழுப்புவது என் வேலை. அதற்காகவே மெல்லிய கவசம், கழுத்துப் பட்டை கிடையாது, பெரிய மருந்துப்பை, சத்தமில்லாத பூட்ஸ் என்று ஒரு செட் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, வைகாசியில்தான் முடிந்தது. மச்சான் விழுந்து கிடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்பார்கள். நான் அவர்களுக்குக் கேட்காமல் நடந்து போய் அவனைத் தூக்கிவிடுவேன். அந்த நாலு விநாடியில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை இங்கே எழுதினால் அச்சில் சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

(தொழில் புத்தி போகாது. அந்தக் கவசத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், தோள் பட்டை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரே ஒரு தையல்தான் ஓடுகிறது. பார்டேக், அதாவது இழுபடும் இடத்தில் பிரியாமல் இருக்க நெருக்கமாகப் போடும் தையல், இல்லை. இத்தனை பாரம் தொங்கும் இடத்தில் பார்டேக் போடாத பீஸை எங்கள் செக்கிங் அம்மா இரண்டாவது தடவை பார்க்காமலே தூக்கி எறிந்துவிடுவார். என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். "குண்டு வேண்டாம், துவைச்சாலே பிஞ்சுக்கும்" என்றாள்.)

இனி வரப்போகும் மாற்றம். பாகம் பாகமாகப் பொருத்துவது போகிறது. லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்று தயார் செட்டுகள் மட்டும். எந்த செட் எடுத்தாலும் மேலே ஸ்கின் விருப்பம்போலப் போட்டுக்கொள்ளலாம். இதுவரை சேர்த்த பாகங்களை எல்லாம் புள்ளிகளாக மாற்றிக் கணக்கில் போட்டுவிடுவார்களாம்.

விளையாட்டுக் கம்பெனி சொல்லும் காரணத்தை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. அது நியாயமான காரணம் என்பதை எதிர்த்து எழுதும் நானே சொல்லிவிடுகிறேன். இப்போதைய முறையில் எதிரே வருகிறவனைப் பார்த்து அவன் எத்தனை அடி தாங்குவான் என்று ஊகிக்கவே முடியாது. பார்த்தால் மல் துணி மாதிரி மெல்லிசாகத் தெரிவான். சுட்டால் பவானி ஜமக்காளம் மாதிரி எதுவும் உள்ளே இறங்காது. துப்பாக்கி விளையாட்டில் கண்ணால் பார்த்த அரை விநாடியில் சண்டையா ஓட்டமா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தப் பார்வையே பொய் சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே கெட்டுவிடுகிறது. அப்புறம், புதிதாக வருகிறவன். அவன் முன்னால் இருநூறு பாகங்களைக் கொட்டி, பொறுக்கிக்கொள் என்றால் இரண்டு நாளில் ஓடிவிடுவான். என் அக்கா மகன் அப்படித்தான் ஓடினான். மூன்று செட் என்பது பார்த்ததும் புரியும், பார்த்ததும் தெரியும். ஒரு சாம்பிள் டெய்லராகக் கேட்டால், சைஸ் செட்டைக் குறைத்தது சரி என்பேன்.

அப்படியானால் எதற்குக் கோபம்? அறிவிப்பு வந்த ராத்திரி எங்கள் நாலு பேருக்குள் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு மேட்ச்சும் ஆடவில்லை. லாபியில் (ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடும் இடம்) நின்று பேசியே பதினொன்றரை ஆகிவிட்டது.

மச்சானுக்கு ஒரு கவலையும் இல்லை. "எதக் குடுத்தாலும் போட்டுட்டு ஓட வேண்டியதுதானுங்க மாமா" என்றான். அவன் ஒருநாளும் கியர் பக்கத்தைத் திறந்து பார்த்தவன் இல்லை, கடைசியாகத் திறந்தபோது தவறுதலாகத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் மொட்டைத் தலையோடு ஆடினான்.

பொள்ளாச்சித் தம்பி பொங்கலுக்கு 799 ரூபாய் கொடுத்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஸ்கின் வாங்கியிருந்தான். "ஏனுங்ணா, என்ற கலரு போயிருங்களாண்ணா?" என்று அதையே மூன்று தடவை கேட்டான். போகாது, எந்த செட் மேலும் போடலாம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது என்றதும் அடங்கிவிட்டான்.

நாமக்கல் அண்ணன் மட்டும் பேசவே இல்லை. முட்டை விலை இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் மெதுவாக, "தம்பி, நான் ஒரு பைசா போட்டதில்ல. ஏழு மாசம் ஒக்காந்து சேத்தேன். காசு குடுத்தவனுக்கு எல்லாம் அப்படியே இருக்குது. எனக்குப் புள்ளியாமா. இதென்ன நாயம்ங்க?" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே என் கோபம் என்னவென்று புரிந்தது. பணம் கொடுத்து வாங்கிய நிறத்தில் கம்பெனி கை வைக்கவில்லை, வைத்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். நேரத்தைக் கொடுத்துச் சேர்த்த பொருளை மட்டும் கரைத்துப் புள்ளியாக்குகிறது. அண்ணனிடம் இருந்த இருநூற்றுச் சொச்சம் பாகங்களுக்கு வரும் புள்ளியில் இரண்டு செட் வாங்கலாம். மூன்றாவதற்குத் திரும்ப உட்கார வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு குழந்தைகள் ஆர்டர் ஒன்று, 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி (பனியன் துணி), முன்னால் வயிற்றுப் பக்கம் ஒரு பாக்கெட். சாம்பிள் நான் தைத்ததுதான். பையர் தரப்பில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, லைனுக்கு மேலே கம்பியில் மாட்டியாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தைப்பார்கள். 6,000 பீஸ் கட்டிங் முடிந்து, பாக்கெட் வைக்கிற அம்மா பீஸ் ரேட்டில் ஏறக்குறைய 1,500 முடித்திருந்தார். அப்போது மெயில் வருகிறது. பாக்கெட்டை ஓர் அங்குலம் மேலே ஏற்று என்று.

அவர்கள் சொன்னது சரிதான். நாலு வயதுக் குழந்தையின் கை நாங்கள் வைத்த இடத்துக்கு எட்டாது. என் பையனுக்குப் போட்டுப் பார்த்தேன், தோளைச் சாய்த்துக்கொண்டுதான் கையை உள்ளே விட்டான். சாம்பிள் தைத்தவனான எனக்கே அது முதலில் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஜெர்சியில் ஒரு தடவை ஊசி இறங்கிவிட்டால் பிரித்தாலும் ஓட்டை போகாது. டிரிம்மரால் நூலை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, பாக்கெட்டை மேலே ஏற்றித் தைத்தபின், பழைய இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை நிற்கும். அயர்ன் பண்ணினால் கொஞ்சம் மூடும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்தப் பீஸெல்லாம் செகண்ட்ஸாக, அதாவது குறையுள்ள சரக்காக, எங்கள் ஊர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போய்விட்டது. அந்த அம்மா மேனேஜரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாத்துங்க, வேண்டாங்கல. நான் தெச்சதுக்கும் பிரிச்சதுக்கும் ரேட்டு யாருங்க தருவா?" மூன்று நாள் இழுத்து, பாதி கொடுத்தார்கள். பாக்கெட் மேலே போனதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மீதிப் பாதியை இன்னும் மறக்கவில்லை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

நாமக்கல் அண்ணன் கேட்டதும் அதே கேள்விதான்.

இதை ஏதோ புதுசாக இந்த வருடம் முளைத்த பைத்தியம் மாதிரி உங்கள் கட்டுரை எழுதியிருந்தது. நான் முதலில் ஆடிய துப்பாக்கி விளையாட்டு, பிரவுசிங் சென்டர்களில் ஓடிக்கொண்டிருந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. அதில் எல்லோரும் 800 டாலரோடுதான் தொடங்குவார்கள், விளையாட்டுக் காசு. வெறும் கவசம் 650, தலைக்கவசத்தோடு சேர்த்து 1,000, ஏகே 47 என்றால் 2,500. செத்தால் எல்லாம் போச்சு. மறுபடி சம்பாதித்து மறுபடி வாங்க வேண்டும். யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை, அதனால் எதையும் யாரும் பறிகொடுத்ததும் இல்லை. 2007இல் கால் ஆஃப் டூட்டி 4 வந்தபோதுதான், ஆட ஆடத் தரம் உயர்ந்து, துப்பாக்கியும் திறமையும் திறந்து, நமக்கென்று ஒரு செட்டைக் கட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஊரெங்கும் பரவியது. 2013 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் ஸ்கின் வந்து, அதை வாங்கவும் விற்கவும் சந்தையே உருவாகிவிட்டது. பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன நாளிலிருந்து, அதை மாற்றினால் சண்டை வரத்தான் செய்யும்.

வந்தும் இருக்கிறது. டெஸ்டினி 2 விளையாட்டில் 2020 நவம்பரில் பழைய துப்பாக்கிகளின் பலத்துக்கு உச்சவரம்பு வைத்து, கடினமான ஆட்டங்களில் அவை உதவாதபடி செய்தார்கள். ஆடுகிறவர்கள் விடவில்லை. 2021 பிப்ரவரியில், இனிமேல் அப்படி ஒதுக்க மாட்டோம் என்று கம்பெனியே பின்வாங்கியது. பேட்டில்ஃபீல்டு 2042 இன்னொரு கதை. 2021 நவம்பரில் வந்தபோது, மருத்துவர், பொறியாளர் என்றிருந்த பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எந்தக் கருவியையும் தூக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கூட நிற்கிறவன் மருந்து வைத்திருக்கிறானா ராக்கெட் வைத்திருக்கிறானா என்று பார்த்தால் தெரியாத நிலை. 2023 தொடக்கத்தில் பிரிவுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்கள் விளையாட்டுக் கம்பெனி இப்போது சொல்லும் காரணத்தை அங்கே ஆடியவர்கள் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அதாவது, ஆடுகிறவன் வாயைத் திறந்தாலே மாற்றத்துக்கு எதிரி என்பது கிடையாது.

காசு விஷயத்துக்கும் வருகிறேன், உங்கள் கட்டுரை ரம்மியையும் இதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியிருந்தது. காசு கட்டி, காசு ஜெயிக்கலாம் என்று ஆடும் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஆட்டத்தில் ஜெயித்தால் ஒரு பைசா வராது, தூக்கம்தான் போகும். ஆனால் முழுக்க யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்பது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2017இல் வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 விளையாட்டில், சண்டையில் கை கொடுக்கும் அட்டைகளையே அப்படிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். எதிர்ப்பு தாங்காமல் வெளியீட்டுச் சமயத்திலேயே காசுக்கு விற்பதை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு, பலம் ஆடிச் சேர்ப்பதால் மட்டும், காசு தோற்றத்துக்கு மட்டும் என்று பிரித்துவிட்டார்கள். அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

தோற்றம் மட்டுந்தானே என்று அதையும் அலட்சியமாக விட முடியாது. 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் ஒரே ஒரு விதியை மாற்றினார்கள். சிவப்புத் தர (கத்திக்கு அடுத்த அபூர்வத் தரம்) ஸ்கின் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ வாங்கிக்கொள்ளலாம் என்று. அதுவரை கத்தி என்பது அபூர்வம், விலையும் அப்படி. ஒரே நாளில் கத்தி விலை சரிந்தது, சிவப்பின் விலை எகிறியது. மொத்தச் சந்தையில் ஏறக்குறைய 200 கோடி டாலர் மதிப்பு கரைந்ததாகச் செய்திகள் வந்தன. பஞ்சு நூல் விலை ஏறும் என்று வாங்கி அடுக்கி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை. ஏறும் என்று வாங்கினால் இறங்கவும் செய்யும். நாமக்கல் அண்ணன் அப்படி இல்லை. அவர் எதையும் விற்பதற்காகச் சேர்க்கவில்லை, எங்கள் விளையாட்டில் விற்கவும் முடியாது.

2020 செப்டம்பரில் பப்ஜியை அரசு தடை செய்தபோதும் பொருள் போனது. அப்போது யாரும் விளையாட்டுக் கம்பெனியைத் திட்டவில்லை. அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தபோது பழைய கணக்கில் இருந்ததைக் கொண்டுவர வழி செய்து கொடுத்தார்கள், மச்சான் தன் பழைய தொப்பி கிடைத்ததற்கு எங்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். அது மட்டும்தான் அவன் கியருக்காகச் செலவு செய்த காசு.

விளையாட்டுக் கம்பெனிக்கு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு புகார் அனுப்பியிருக்கிறோம். தமிழில் நான் சொல்ல, பொள்ளாச்சித் தம்பி ஆங்கிலத்தில் எழுதினான். மாற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆடிச் சேர்த்தவர்களுக்கு மூன்று செட்டையும் புள்ளி கேட்காமல் கொடுத்துவிடுங்கள், பழைய பாகங்களை ஆடாவிட்டாலும் பார்க்கவாவது ஒரு அலமாரியில் விட்டு வையுங்கள் என்று கேட்டோம். இரண்டாவது கோரிக்கை நாமக்கல் அண்ணனுடையது. பதிலாக ஒரு நன்றிக் கடிதம் வந்தது, தானாக வருவது. மாற்றம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அண்ணன் இப்போதே தன் பாகங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி 140 முடிந்தது என்றார். முட்டை விலையும் பரவாயில்லையாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பனியன் கம்பெனியில் தெரிந்தால் லைன் முழுக்கச் சிரிப்பார்கள், அந்தப் பாக்கெட் அம்மா முதலில் சிரிப்பார்.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த தலைக்கவசப் படம் எங்கள் விளையாட்டே இல்லை. அது பப்ஜியில் வரும் மூன்றாம் நிலைத் தலைக்கவசம். தலையில் படும் அடியில் 55 விழுக்காட்டைத் தடுக்கும். அதற்கு யாரும் காசும் கொடுப்பதில்லை, மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்ப்பதும் இல்லை. தரையில் கிடக்கும், அல்லது வானத்திலிருந்து விழும் பெட்டியில் இருக்கும், முதலில் ஓடிப் போனவனுக்குக் கிடைக்கும். கட்டுரையை விட அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அண்ணனுக்குக் கோபம் அதிகம். திருத்தம் போட்டால் பத்திரிகையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சாம்பிள் டெய்லர்,
காங்கேயம் ரோடு, திருப்பூர்.